திருநம்பிகளின் கர்ப்பப்பை நலம்: ஹார்மோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவர்கள் திருநம்பிகள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கும்போது குரல் எப்போது உடையும், மீசை எப்போது அரும்பும் என்றெல்லாம் விசாரிக்க நண்பர்கள் இருப்பார்கள். ரத்தப்போக்கு, அடிவயிற்று வலி, எரிச்சல் என்று வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பலர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்காகத்தான் இந்தப் பக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதவிடாயை நிறுத்துவது, கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்வது, வலியைக் குறைப்பது, பிறப்புறுப்பின் உள்தோலைக் காப்பது ஆகிய நான்கும் தனித்தனித் தேவைகள். டெஸ்டோஸ்டிரோன் ஒன்றே நான்கையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவதால்தான் பல சிக்கல்கள் வருகின்றன. உங்களுக்கு இப்போது எது வேண்டும் என்று தெளிந்துகொண்டால், எந்த மருந்து என்பது பாதி முடிவானதுபோல. கீழே வரும் அளவுகள் மருத்துவர் எழுதித் தருவதைப் புரிந்துகொள்வதற்காக மட்டும். அவற்றை வைத்து நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஊசி தொடங்கினால் பீரியட்ஸ் எத்தனை நாளில் நிற்கும்?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும். சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகலாம். முதல் சில மாதங்களில் தேதி மாறும், போக்கு குறையும், இடையில் சொட்டுச் சொட்டாகப் படும். ஆறு மாதத்துக்கு மேலும் ஒழுங்காக மாதாமாதம் வந்துகொண்டிருந்தால், ஊசியின் அளவும் இடைவெளியும் சரியா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

ஒரு வருடமாக வராமல் இருந்தது. இப்போது திடீரென்று ரத்தம் படுகிறது. ஏன்?

அதிகம் பார்க்கிற காரணம், ஊசி தள்ளிப்போவதுதான். டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் பொதுவாக 2 வாரத்துக்கு ஒருமுறை 100 முதல் 200 மி.கி. போடப்படுகிறது. இதே மருந்தை, அல்லது சஸ்டனான் 250 போன்ற கலவை ஊசியை, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்பவர்கள் நம் ஊரில் நிறைய. ஊசி போட்ட சில நாளில் அளவு உச்சத்துக்குப் போய், கடைசி வாரத்தில் தரைக்கு வந்துவிடும். சோர்வு, எரிச்சலான மனநிலை, ரத்தப்போக்கு எல்லாம் அந்தக் கடைசி வாரத்தில்தான் தலைகாட்டும். ஊசி போட்ட தேதியையும் ரத்தம் பட்ட தேதியையும் போனில் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் விஷயம் உங்களுக்கே தெரிந்துவிடும். காரணம் இதுதான் என்றால், அதே மொத்த அளவைப் பிரித்து வாராவாரம் போடலாம், அல்லது டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் 1000 மி.கி. ஊசிக்கு மாறலாம். இரண்டாவதில் முதல் இரண்டு ஊசிக்கு நடுவே 6 வாரம், அதற்கப்புறம் சுமார் 12 வாரத்துக்கு ஒன்று. விலை கூடுதல், ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு.

ஊசி தவறாமல் போட்டும் ரத்தம் பட்டால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்து போனாலே ரத்தம் கசியலாம். பாலிப் (சிறு சதை வளர்ச்சி), ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி), தொற்று, கர்ப்பப்பை வாயில் புண் எதுவும் இருக்கலாம். கர்ப்பமாகவும் இருக்கலாம். ஆண் துணையோடு உறவு உண்டு என்றால் முதல் பரிசோதனை கர்ப்பப் பரிசோதனைதான். அதைக் கேட்பதற்கு மருத்துவர் கூச்சப்பட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ரத்தம் பட்டவுடன் பயந்து இன்னொரு ஊசி சேர்த்துப் போட்டுக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் கூடினால் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் மருத்துவர்கள் அளவைக் குறைப்பார்கள். உங்கள் ரத்தப்போக்குக்குக் காரணம் பாலிப் என்றால் எத்தனை ஊசி போட்டாலும் அது நிற்கப் போவதில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

டெஸ்டோ இன்னும் தொடங்கவில்லை. பீரியட்ஸை மட்டும் நிறுத்த முடியுமா?

முடியும். டெஸ்டோ வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கும், வீட்டுச் சூழலால் இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருப்பவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. மாதத்தில் ஐந்து நாள் கழிப்பறைக்குப் போகவே மனம் கூசி, தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆடம்பரத் தேவை இல்லை.

முதலில் யோசிக்க வேண்டியது நாரெதிஸ்டிரோன் மாத்திரை. 5 மி.கி. தினமும், இடைவெளி இல்லாமல். ப்ரிமோலுட் என் என்ற பெயரில் இதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கல்யாணம், திருவிழா என்றால் வீட்டுப் பெண்கள் பீரியட்ஸைத் தள்ளிப்போட வாங்குகிற அதே மாத்திரை. விலை குறைவு, எந்த ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும், வேண்டாம் என்றால் உடனே நிறுத்தலாம். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்பதுதான் சிரமம். மறந்தால் ரத்தம் படும். சிலருக்கு மனச்சோர்வும் முகப்பருவும் வரலாம். இந்த மருந்து கருத்தடையாக அங்கீகரிக்கப்பட்ட அளவும் முறையும் வேறு. அதனால் மாதவிடாய் நிற்பதற்காகப் போடுகிற மாத்திரையைக் கருத்தடை என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசி, 150 மி.கி. அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடுகிறார்கள். இது நல்ல கருத்தடையும்கூட. ஒரு வருடம் தொடர்ந்தால் பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றுவிடும், ஆனால் முதல் இரண்டு ஊசிக்குள் தாறுமாறாக ரத்தம் படுவது சகஜம். ரத்தமே பார்க்கக் கூடாது என்று வந்த ஒருவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போட்டு அனுப்புவது கொடுமை. எடை கூடலாம். நீண்ட நாள் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும் என்பதால் இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்வது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம், மிரேனா என்று சொன்னால் மருத்துவர்களுக்குப் புரியும். 52 மி.கி. மருந்து கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே வெளிப்படும், உடம்பின் மற்ற பகுதிக்குப் போவது மிகக் குறைவு. பல வருடத்துக்குக் கவலை இல்லை. கருத்தடையாகவும் உறுதியானது. அதிகப்படியான போக்கைக் கட்டுப்படுத்துவதில் இதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் வைக்கும்போது அந்தரங்கப் பரிசோதனை செய்தாக வேண்டும். அது உங்களால் தாங்கக்கூடியதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுத்து வைக்க முடியுமா என்று கேட்கலாம், மார்பு அறுவை சிகிச்சை செய்யும் அன்றே சேர்த்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

லியூப்ரோலைட் ஊசி சினைப்பையின் வேலையையே நிறுத்திவிடும். நன்றாக வேலை செய்யும், விலைதான் கையைக் கடிக்கும். தனியாக நீண்ட நாள் போட்டால் உடம்பில் எந்தப் பால் ஹார்மோனும் போதுமான அளவு இல்லாமல் எலும்பு பலவீனமாகும். முதல் ஊசிக்கு அப்புறம் ஒருமுறை ரத்தப்போக்கு வருவதும் வழக்கம்.

காப்பர் டி பற்றியும் கேட்கிறார்கள். அதில் ஹார்மோன் இல்லை, கருத்தடைக்கு நல்லது. ஆனால் மாதவிடாய் வருபவர்களுக்கு அது போக்கையும் வலியையும் கூட்டலாம் என்பதால் பீரியட்ஸே பிரச்சினை என்பவர்களுக்குப் பொருந்தாது.

இதெல்லாம் பெண் ஹார்மோன்தானே? போட்டால் மார்பு பெரிதாகிவிடாதா, டெஸ்டோவின் வேலை கெட்டுப்போகாதா?

இந்தப் பயத்தால்தான் பலர் நல்ல மருந்தைத் தூரத் தள்ளுகிறார்கள். மேலே சொன்ன நாரெதிஸ்டிரோன், மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன், லெவோநார்ஜெஸ்ட்ரல் மூன்றும் புரோஜெஸ்டின் வகை, அதாவது புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்போல வேலை செய்யும் மருந்துகள். மார்பையும் இடுப்பையும் பெண் உடலாக வளர்ப்பதில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜனுடையது. டெஸ்டோஸ்டிரோனால் வந்த குரலையோ தாடியையோ புரோஜெஸ்டின் திருப்பி எடுக்காது. டெஸ்டோவோடு சேர்த்தே இவற்றைக் கொடுப்பது வழக்கமான மருத்துவம்தான். சிலருக்கு மார்பில் கனம், உப்புசம் தோன்றலாம். அப்படி வந்தால் மருந்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த சாதாரணக் கருத்தடை மாத்திரைகளைத் திருநம்பிகள் பெரும்பாலும் விரும்புவதில்லை. அதில் ரத்தம் உறையும் ஆபத்தும் சற்று உண்டு. புகைபிடிப்பவர்கள், ஒற்றைத் தலைவலியில் கண்முன் ஒளி தெறிப்பவர்கள், ஏற்கெனவே ஹீமட்டோக்ரிட் கூடியிருப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பீரியட்ஸ் நின்றுவிட்டது. இனி கருத்தரிக்காதுதானே?

கருத்தரிக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. மாதவிடாய் நின்ற பிறகும் சிலருக்கு முட்டை வெளியாகிறது, அப்படிக் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. ஆகவே விந்து உள்ளே போக வாய்ப்புள்ள உறவு எதுவாக இருந்தாலும் கருத்தடை வேண்டும். துணை ஒரு திருநங்கை, அவர் ஹார்மோன் எடுக்கிறார் என்றாலும் இதே பதில்தான்.

ஆணுறை கிழிந்துவிட்டால், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டெஸ்டோவோடு அதை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பல கடைகள் இதை வைத்திருப்பதில்லை. அலைந்து நேரத்தை வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்கோ மகளிர் மருத்துவரிடமோ போய்விடுங்கள்.

கரு உண்டாகிவிட்டது, தொடர விருப்பமில்லை என்றால் சட்டம் உங்களுக்கு வெளியே இல்லை. கருக்கலைப்புச் சட்டம் பெண் என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், பாதுகாப்பான கருக்கலைப்பு தேவைப்படும் பிற பாலினத்தவரையும் அந்தச் சொல் உள்ளடக்கும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி அறைக்குள் தனியாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஊசி தொடங்கிய பிறகு அடிவயிற்றில் பிடித்து இழுக்கிறது. பீரியட்ஸ் வலி மாதிரியே இருக்கிறது, ஆனால் ரத்தம் இல்லை.

இது பலருக்கு வருகிறது. பாலின்ப உச்சநிலை அடைந்ததும் வலிப்பதும் இதில் சேர்த்தி. காரணம் எல்லோருக்கும் ஒன்று கிடையாது. இடுப்புத் தளத் தசைகள் இறுகுவது, உள்சவ்வு மெலிவது, முன்பே இருந்து கண்டுபிடிக்கப்படாத எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, ஃபைப்ராய்டு, சிறுநீர்த் தொற்று என்று பல. பள்ளி நாளிலிருந்தே பீரியட்ஸின்போது எழுந்து நடக்க முடியாத வலி இருந்தது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எண்டோமெட்ரியோசிஸுக்கு அது முக்கியமான துப்பு, டெஸ்டோ போட்ட பிறகும் அந்த நோய் சிலருக்குத் தொடர்கிறது. அப்படி என்றால் டையனோஜெஸ்ட் 2 மி.கி. போன்ற புரோஜெஸ்டின் சேர்ப்பார்கள். தசை இறுக்கம் என்றால் பிசியோதெரபி நன்றாக உதவும். மெஃபனாமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்றவை அன்றைய வலிக்கு. சாப்பிட்ட பின்பு போடுங்கள்.

உள்ளே வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு. ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தந்திருக்கிறார்கள். போடலாமா?

போடலாம். டெஸ்டோஸ்டிரோனால் சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உள்தோல் மெலிந்து போகும். மாதவிடாய் நின்ற அம்மாக்களுக்கு வருகிற அதே நிலை. எஸ்ட்ரியால் க்ரீம் வழக்கமாக இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. அந்த இடத்திலேயே வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். தாடி உதிராது, குரல் மாறாது, பீரியட்ஸ் திரும்பாது. க்ரீம் பெட்டியின் மேல் பெண் படம் போட்டிருக்கும். அது உங்களைத் தொந்தரவு செய்தால் பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு ட்யூபை மட்டும் எடுத்து வாருங்கள். உள்ளே எதையும் வைக்க முடியாது என்பவர்கள் ஹார்மோன் இல்லாத ஈரப்பதம் தரும் ஜெல்லில் தொடங்கலாம். உறவின்போது நீர் அடிப்படையிலான ஜெல் பயன்படுத்துங்கள். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும்.

எனக்கு ஏற்கெனவே பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. டெஸ்டோ போடலாமா?

பிசிஓஎஸ் தடை இல்லை. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டெஸ்டோ தொடங்காமல், பீரியட்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் மட்டும் சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், பின்னாளில் அது ஆபத்து. அதைத் தடுக்கவும் புரோஜெஸ்டின்தான் மருந்து.

லேப் ரிப்போர்ட்டில் எல்லாம் 'அதிகம்' என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பாலினம் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பெண் என்று இருந்தால், டெஸ்டோஸ்டிரோன் 520 (ng/dL) என்ற எண் தடித்த எழுத்தில் வரும், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். ஹீமோகுளோபின் 16.2-க்கும் அம்புக்குறி. காரணம், கம்ப்யூட்டர் பெண்களுக்கான வரம்போடு ஒப்பிட்டிருக்கிறது. ஆண்களுக்கான வரம்பு டெஸ்டோஸ்டிரோனுக்கு ஏறத்தாழ 300 முதல் 1000 வரை, ஆகவே 520 நல்ல இடத்தில்தான் இருக்கிறது. 16.2-ம் சரிதான்.

எந்த நாளில் ரத்தம் கொடுத்தீர்கள் என்பதும் முக்கியம். எனந்தேட் என்றால் இரண்டு ஊசிக்கு நடுவில், அண்டெகனோயேட் என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எனக்கும் வேண்டுமா?

கர்ப்பப்பை வாய் இருக்கும்வரை வேண்டும். டெஸ்டோ இதற்குப் பாதுகாப்பு தராது. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேல் விஐஏ என்ற எளிய பரிசோதனை இலவசம். பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது) எடுத்தால், டெஸ்டோ போடுகிறீர்கள் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். டெஸ்டோவால் செல்கள் மெலிந்து, மாதிரி போதவில்லை என்றோ சந்தேகம் என்றோ முடிவு வந்து, தேவையில்லாமல் இரண்டாம் முறை எடுக்க வேண்டி வருகிறது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான பரிசோதனை கிடைத்தால் அதுவே மேல். பஞ்சுக்குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துத் தரலாம், யாரும் தொட வேண்டியதில்லை. 26 வயதுக்குள் இருப்பவர்கள் எச்பிவி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவேக் 2023-லிருந்து கிடைக்கிறது.

டெஸ்டோ போட்டால் சில வருடத்தில் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்களே?

கட்டாயம் இல்லை. டெஸ்டோவால் கர்ப்பப்பைப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ கூடுகிறது என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. வலி தீரவில்லை, ரத்தம் நிற்கவில்லை, உள்ளே அது இருப்பதே மனதுக்கு ஒப்பவில்லை என்பவை போதுமான காரணங்கள். அந்த முடிவு உங்களுடையது.

அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் சினைப்பைகளையும் எடுக்கப்போகிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு சினைப்பைகளும் போய்விட்டால் உடம்பு தானாகப் பால் ஹார்மோன் தயாரிப்பது ஏறத்தாழ நின்றுவிடும். அப்புறம் பணமில்லை, வேலை மாறியது, மருந்து கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் டெஸ்டோ விட்டுப்போனால் எலும்பு தேயும், உடம்பு அனலாகக் கொதிக்கும். ஊசி தவறாமல் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவர்கள் ஒரு சினைப்பையையாவது விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து. என்றைக்காவது குழந்தை வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். கருமுட்டை எடுத்து உறையவைக்க டெஸ்டோவைச் சில மாதம் நிறுத்தச் சொல்வார்கள். தொடங்கும் முன்பே எடுப்பது இன்னும் எளிது.

இதற்கெல்லாம் மகளிர் ஓபியில் போய் நிற்க வேண்டுமே. தாடியோடு எப்படிப் போவது?

உண்மையிலேயே கஷ்டம்தான். சுற்றிலும் கர்ப்பிணிகள், 'கூட வந்தவங்க வெளியே நில்லுங்க' என்று வரிசையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஓபி சீட்டில் ஆண் என்று போட்டால் கர்ப்பப்பை ஸ்கேன் எழுதவே சில இடங்களில் கம்ப்யூட்டர் விடாது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கிருந்து மகளிர் மருத்துவரிடம் அனுப்பினால் விளக்கம் சொல்லும் சுமை குறையும். பக்கத்தில் அப்படி இல்லை என்றால் ஓபி முடியும் நேரமாகப் பார்த்துப் போகலாமா என்று செவிலியரிடம் முன்பே போனில் கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது பேசுவதைவிடச் சுலபம். 'நான் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் இந்த மருந்து, இந்த அளவு, கடைசி ஊசி இந்தத் தேதி. ரத்தம் பட்ட தேதிகள் இவை. என்னைச் சார் என்று கூப்பிடுங்கள்.' இவ்வளவு போதும். ஸ்கேன் என்றால் உள்ளே விடாமல் வயிற்றின் மேல் எடுக்கலாம், அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். உள்பரிசோதனை தேவைப்பட்டால் சிறிய ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) கேளுங்கள், மரத்துப்போகும் ஜெல் கேளுங்கள், 'நானே உள்ளே வைத்துக்கொள்கிறேன்' என்றும் சொல்லலாம். நிறுத்துங்கள் என்றால் நிறுத்த வேண்டும். அதைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பையைப் பார்க்கப் போன இடத்தில் 'இதெல்லாம் மனப் பிரச்சினை, மாற்றிவிடலாம்' என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். பாலின அடையாளத்தை மாற்றும் சிகிச்சை என்று எதையாவது செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது, சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக. மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வெளியே வரும்போது ஓபி சீட்டையும் அதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவரிடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.